வெறுந்தொட்டில்

போன போயாவுக்கு, பௌர்ணமி லீவு அன்றைக்கு, நம்ம வயசாளிகள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு சின்ன வயசுக் கதை சொல்லச் சொன்னாங்க. என் முறை வந்தப்ப, தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டேன். தொண்டை நல்லாத்தான் இருந்தது. நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச எனக்கு வராது. அதோட, நான் சொன்னதை யார் யாரிடம் போய் எப்படிச் சொல்வாங்களோ என்ற யோசனையும் ஒரு பக்கம். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஆட்களை லேசில் நம்ப வராது. கடையில் பருப்பு நிறுக்கும்போது முதலாளியின் முகத்தைப் பார்க்க மாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். "அம்மா, அப்படிப் பார்க்காதீங்க, வெக்கமா இருக்கு" என்று மகள் கையைப் பிடித்து இழுப்பாள். பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் திருத்தி வாசிச்சுக்கங்க.

இது என் அக்கா சயன்ஸ் படித்த காலம். உங்களில் சில பேர் அக்காவைப் பார்த்திருப்பீங்க, பேராதனையில் இருக்கிறாளே, ஏ.எல். பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள், அவள்தான். அவளுக்கு அப்போது பதினேழு நடந்திருக்கும். எனக்குப் பத்தோ பதினொன்றோ.

அம்பிட்டியவில் ரோட்டுக்குக் கீழே படி இறங்கிப் போகிற மாதிரி ஒரு வீடு. ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம். ஒரு பக்கம் நாங்கள், மற்றப் பக்கம் தையல்காரம்மா. நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே இருமினால் இங்கே தம்பி முழித்துக்கொள்வான். தையல்காரம்மாவின் மெஷின் காலையில் இருந்து கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும் வரைக்கும் பயமில்லை. சத்தம் நின்றால், அவங்க சுவருக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாங்க என்று அர்த்தம்.

எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த காலம்தானே அது, நம்ம ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். யார் இந்தியாவுக்குப் போகிறாங்க, யார் இங்கேயே இருக்கிறாங்க, யாருக்குக் கடுதாசி வந்தது, வந்ததை ஏன் சொல்லவில்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். நாம் திரும்பி நடந்த பிறகு மறுபடி தொடங்கும்.

அப்பா டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை. அம்மா மேலே ஒரு டாக்டர் வீட்டில் சமையல். தம்பி கைப்பிள்ளை. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அஞ்சோடு நிறுத்தினாங்க. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாராவது ஒருத்தி நிற்க வேண்டியிருந்தது, அக்காவுக்கு மார்க்ஸ் வந்தது, எனக்கு வரவில்லை.

அக்காவின் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சயன்ஸ் வாத்தியார் வந்திருந்தார், 'சேர்' என்றுதான் கூப்பிடுவாங்க. கல்யாணம் ஆகாதவர், டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பேராதனைக் கம்பஸில், அதுதான் யூனிவர்சிட்டியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்த சயன்ஸ் வேலைகளை வைத்துக் கண்காட்சி நடத்தப் போறாங்க, எல்லாரும் ஏதாவது செய்து கொண்டு வாங்க என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் மணி அடிக்கிற பெட்டி, பல்ப் எரிகிற பெட்டி என்று தொடங்கிவிட்டாங்க. எங்கள் வீட்டில் ஒரு டோர்ச்கூடக் கிடையாது. அக்கா போய், தன்னிடம் ஒரு சாமானும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்கு சேர் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து அவர் மாதிரியே பேசிக் காட்டினாள்: "சாமான் இல்லாட்டி என்ன பிள்ளை, தலை இருக்கல்லோ? நீ தியரி செய். சந்திரனுக்குப் போக ஏலாது. இங்க இருந்துகொண்டே, அங்க ஒரு தொட்டில் கட்டினா எப்பிடி ஆடும் எண்டு கணக்குப் போட்டுச் சொல்லு பாப்பம்."

மனுஷன் நிலாவில் கால் வைத்துவிட்டான் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் அதில் தொட்டில் கட்டுகிற கதையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நிலாவுல தொட்டில் ஆடுமாடி?" என்றாங்க அம்மா, அரிசி களைந்துகொண்டே.

"ஓம் அம்மா, அங்க இழுவை குறைவு. மெதுவாத்தான் ஆடும்."

அம்மாவின் கை நின்றது. "ஓம்மா? அதென்னா ஓம்? இந்த வீட்டுல யாரு ஓம்ன்னு பேசுறது?"

"வாயில வந்துருச்சும்மா."

"வாயில எப்படி வரும்? காதுல ரொம்ப நேரம் விழுந்தாத்தான் வாயில வரும்."

நாங்கள் 'ஆமா' என்போம், 'ஓம்' சேரின் யாழ்ப்பாணப் பேச்சு. நினைத்துப் பார்க்கிறேன், அம்மாவுக்கு முதல் சந்தேகம் அந்த ஒரு 'ஓம்'மில்தான் விழுந்திருக்க வேண்டும்.

நிலாவுக்குக் கணக்குப் போடுவதற்கு முன்னால், இங்கே தொட்டில் எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டுமாம். தம்பியின் சேலைத் தொட்டில்தான் வீட்டில் ஆடுகிற ஒரே சாமான். மடவளை ஊர்ப் புடவைக்காரர் தோளில் சுமந்து வந்து விற்ற மஞ்சள் சேலை. கூரைக் கட்டையில் கட்டியிருந்தோம். பால் வாடையும் மூத்திர வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து அதில் ஒரு மணம் இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது ஈரத்துணி காய்கிற இடத்தில் அது மூக்கில் வந்துவிட்டுப் போகும்.

மத்தியானம் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தம்பியைத் தூக்கி என் இடுப்பில் வைப்பாள். வெறுந்தொட்டிலை இழுத்து விடுவாள். அது ஆடும். நேரம் பார்க்க மணிக்கூடு வேண்டுமே? அப்பாவின் அலாரம் மணிக்கூடு ஒன்று இருந்தது. அது குப்புறப் படுத்தால்தான் ஓடும். நேரம் பார்க்கத் தூக்கினால் நின்றுவிடும். அதனால் அக்கா தன் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணினாள். தொட்டில் இருபது தரம் போய் வருவதற்குள் நாடி எத்தனை தரம் அடிக்கிறது. அதுதான் அவளுடைய மணிக்கூடு.

பிறகு கனம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். முதலில் தம்பியையே போட்டாள். அவன் காலை உதைத்துச் சிரித்தான், கணக்குப் பிழைத்தது. "இவன் சரிவர மாட்டான்டி, அசையிறான்" என்று சொல்லி, அம்மிக் குழவியைத் தூக்கி வந்து, தம்பியின் துணியிலேயே சுற்றி உள்ளே படுக்க வைத்தாள். குழவிக்குச் சேலை தொய்ந்து இறங்கியது. "நீளம் மாறிடுச்சி, நீளம் மாறினா எல்லாம் பொய்" என்று மேலே ஒரு முடிச்சுப் போட்டுத் தூக்கிக் கட்டினாள். எதையும் நம்ப மாட்டாள். ஒரு தரம் வந்த எண்ணிக்கையை இரண்டாம் தரமும் பார்ப்பாள், எனக்குக் கைவலி, தம்பிக்குப் பசி, அவள் மூன்றாம் தரமும் பார்ப்பாள். "சேர் சொன்னாரு, சந்தேகப்படணும், ஆனா சந்தேகப்பட்டதோட நிக்கக்கூடாது, செஞ்சு பாக்கணும்னு."

வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்று நோவு வரும் என்பாங்க. அக்காவுக்கும் தெரியும். "தம்பிக்கு வயிறு வலிச்சா சொல்லு, அதையும் எழுதிக்கிறேன்" என்றாள் என்னிடம். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

மெஷின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பைப்படியில், நான் வாளியோடு பின்னால் நிற்கிறேன், தையல்காரம்மா அம்மாவின் காதுக்கிட்ட வந்தாங்க.

"தங்கச்சி, ஒரு தாய்கிட்ட இன்னொரு தாய் சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"என்னாக்கா?"

"ஒம் மூத்தவ வெறுந்தொட்டில ஆட்டிக்கிட்டு நிக்கிறா."

"வெளையாட்டா இருக்கும்."

"பதினேழு வயசுப் புள்ளைக்குத் தொட்டில்ல என்னா வெளையாட்டு? ஒரு கையால ஆட்டி விடுறா, மத்தக் கைய இந்தா, இப்படி..." தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாங்க. "நாடி பிடிச்சுப் பாக்குறா. வாயில எண்ணிக்கிட்டே. நேத்து என்னான்னா, தொட்டிலுக்குள்ள குழவிக்கல்லு."

"குழவிக்கல்லா?"

"துணி சுத்தி. எம் மெஷின் மேல சத்தியம்."

அம்மாவின் வாளி நிறைந்து வழிந்து காலை நனைத்தது. அம்மா பைப்பை மூடவில்லை.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. குழவியை அழுக்குத் துணியில் சுற்றியதற்கு அடி விழப் போகிறது என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. நம்ம ஆட்களில் பிள்ளையை முதன்முதல் தொட்டிலில் போடுகிற நாளில், பிள்ளைக்கு முன்னால் குழவிக்கல்லைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, அதைத்தானே போட்டு ஆட்டுவாங்க. கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி அதைச் செய்கிறாள். கூடவே நாடி வேறு பார்க்கிறாள். வாய்க்குள் எண்ணுகிறாள். ஒரு பெண் எதை எண்ணுவாள்? மாசத்தைத்தான் எண்ணுவாள். அப்படித்தான் கணக்கு ஓடியிருக்கிறது, இரண்டு தாய்மார் தலையிலும்.

அம்மா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக டாக்டர் வீட்டில் இருந்து புளிப்பான அம்பரலங்காய் கொண்டுவந்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, அக்கா படிக்கிற இடத்தில் வைத்துவிட்டு, அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாங்க. அக்கா ஒன்று எடுத்தாள். அம்மாவின் முகம் கறுத்தது. அக்கா அம்பரலங்காயை எந்தக் காலத்தில் வேண்டாம் என்றிருக்கிறாள்? மீதி எல்லாவற்றையும் நான் தின்று முடித்தேன். அம்மா என்னையும் ஒரு மாதிரிப் பார்த்தாங்க.

அதற்குப் பிறகு அம்மா வேலையில் இருந்து நேரத்தோடு வரத் தொடங்கினாங்க. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வாசலில் நிற்பாங்க. ஒருநாள் அக்கா ஆட்டிவிட்டு எண்ணினாள், முகத்தைச் சுளித்தாள், மறுபடி எண்ணினாள்.

"இன்னிக்குத் தொட்டில் மெதுவா ஆடுதுடி. அதே கல்லு, அதே நீளம். எப்படி?"

எனக்கு என்ன தெரியும். அக்கா என்னைக் கூப்பிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, என் நாடியை வைத்து எண்ணிப் பார்த்தாள். முன்பு என் நாடியில் எண்ணி எழுதி வைத்திருந்த அதே எண்ணிக்கைதான் வந்தது.

"தொட்டில்ல பிழையில்ல. என் நாடிதான் ஓடுது." மெதுவாகச் சொன்னாள், "வாசல்ல அம்மா நிக்கிறாங்கல்ல."

இதை அவள் சேரிடம் போய்ச் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, "அப்ப உன்ர மணிக்கூடு பயப்படுது எண்டு அதையும் எழுது பிள்ளை, ஒளிக்கப்படாது" என்றாராம். அவளும் எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மேல் தோட்டத்து மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. வெற்றிலை போட்ட வாய், கையில் பச்சை குத்தியிருக்கும். அப்பா வெளியே கோழிக்கூட்டுக்கு ஆணி தட்டுகிற மாதிரி நின்றுகொண்டார். தட்டவில்லை. அக்காவைப் பாயில் உட்காரச் சொல்லி, மருத்துவச்சி கையைப் பிடித்துக் கண்ணை மூடினாங்க. மெஷின் சத்தமும் நின்றது.

அக்காவுக்கு எதற்கு என்று தெரியாது. காய்ச்சல் என்று அம்மா நினைக்கிறாங்க போல என்றுதான் எண்ணியிருக்கிறாள். அவள் கேட்டாள், "எத்தனை அடிச்சா என்னா நோவுன்னு எப்படித் தெரியும்? எண்ணுவீங்களா?"

"எண்ணுறதில்லடி. கேக்குறது."

"எத வச்சு?"

"சும்மா கெட புள்ள." மருத்துவச்சி மற்றக் கையையும் பிடித்துப் பார்த்தாங்க. கையை விட்டாங்க. அம்மாவைப் பார்த்துச் சொன்னாங்க, "ஒண்ணுமில்ல. வயித்துல ஒரு மண்ணும் இல்ல. ஒழுங்கா சோறு போடு."

அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. அவள் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியாது. நெருப்பில் விழுந்த பூச்சியைப் பார்த்திருக்கிறீங்களா, அது முதலில் ஆடாமல் இருக்கும், அப்படி. அழுவாள் என்று நினைத்தேன். மருத்துவச்சி படியேறிப் போனதும் எழுந்து தம்பியைத் தூக்கி என்னிடம் தந்தாள். குழவியைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டாள். அம்மாவின் கையைப் பிடித்து, அம்மாவின் விரலை எடுத்து அம்மாவின் நாடியிலேயே வைத்தாள்.

"எண்ணுங்க."

"எதுக்குடி?"

"நீங்க என்ன நம்ப வேணாம். எண்ணுங்க."

அம்மா எண்ணினாங்க. கல்லோடு ஒரு தரம். கல்லில்லாமல், முடிச்சை அவிழ்த்து, ஒரு தரம். பிறகு தம்பியைப் போட்டு. அம்மா நம்பாமல் தானே தொட்டிலை இழுத்து விட்டு இன்னொரு தரம் எண்ணினாங்க.

"ஒண்ணாத்தான் வருது" என்றாங்க.

"ஒண்ணாத்தான்மா வரும். கனம் எவ்வளவா இருந்தாலும் ஒண்ணுதான். நீளம்தான் கணக்கு."

"அப்ப ஒன்ன ஆட்டுனப்பவும், இந்தத் தடியன ஆட்டுறப்பவும்...?"

"ஒரே மாதிரி."

அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டாங்க. "மூணு புள்ளய ஆட்டுனேன். எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சிரிச்சாங்க. அந்த ஒரு நிமிஷம் வீடு நல்லா இருந்தது. எல்லாம் முடிஞ்சுது என்று நான் நினைத்தேன்.

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, நடுச்சுவரைப் பார்த்துச் சொன்னாங்க: "எனக்கு வெளங்கிருச்சி. ஊருக்கு யாரு வெளக்குறது? வீடு வீடா தொட்டிலத் தூக்கிட்டுப் போறதா?"

அந்த வாரமே அப்பா தன் அக்காவுக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, ஆள் அனுப்பினார். அத்தை மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாங்க. அத்தை மகன், எங்கள் அத்தான், அங்கே கணக்கப்பிள்ளை. அக்காவைக் கேட்டு அத்தை இரண்டு வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாங்க, படிப்பு முடியட்டும் என்று அப்பாதான் தள்ளிக்கொண்டு வந்தார். இப்போது தள்ள முடியாது. பேச்சு மாத்தளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பரிசம் போட்டுவிட வேண்டும். பரிசம் போட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அத்தை வீட்டில் பெண்பிள்ளைகள் யாரும் எட்டுக்கு மேல் போனதில்லை.

அப்பா பள்ளிக்கூடத்துக்கும் போனார். சேர், "ஐயா, உங்கட பிள்ளை கம்பஸுக்குப் போகக்கூடிய பிள்ளை. குழப்பிப்போடாதேங்கோ" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து, "இனிக்க இனிக்கப் பேசுறான். எதுக்கு இனிக்கணும்?" என்றார். அதற்குப் பிறகு சேரின் மேலதிக வகுப்பில் பள்ளிக்கூட அதிபர் ஒரு பியூனைக் கொண்டுபோய் உட்கார வைத்தாராம். பியூன் வாசலில் கதிரை போட்டுக்கொண்டு தூங்குவானாம். அந்த சேர் நல்லவரா, அக்கா மேல் வேறு ஏதும் நினைப்பு வைத்திருந்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நல்லவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வருஷக் கடைசியில் மாற்றம் கேட்டு யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்.

பரிசத்துக்கு அப்பா குறித்தது போயா நாள், கடை பூட்டு. கம்பஸில் கண்காட்சியும் அதே நாள். தெரிந்துதான் குறித்தாரா, தெரியாமலா? "வேற நாள் வைங்கப்பா" என்று அக்கா கெஞ்சினாள். அப்பா செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா தன் தாள்களை எல்லாம் ஒட்டி, படம் வரைந்து, நிலாவில் ஒரு தொட்டில், பூமியில் ஒரு தொட்டில், நிலாவில் உள்ளது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு மெதுவாக ஆடும் என்று எழுதி, சேரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து தொட்டில் சேலையை உதறித் தம்பிக்கு மறுபடி ஒழுங்காகக் கட்டினாள். "முடிஞ்சுதுடி" என்றாள். அழவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

போயா அன்றைக்கு விகாரையில் இருந்து பிரித் ஓதுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அத்தை, அத்தான், அத்தையின் ஓரகத்தி, மூன்று பேர் வந்தாங்க. அத்தானைக் குறை சொல்லக்கூடாது, நல்ல மனுஷன். தலை நிறைய எண்ணெய், கதிரையின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். தையல்காரம்மாவும் வந்திருந்தாங்க. அம்மாதான் கூப்பிட்டாங்க, கூப்பிடாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்பாங்க என்று. தம்பி உள்ளே பாயில் தூங்கினான். தொட்டில் நடுவீட்டில் சும்மா தொங்கியது.

அக்கா தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போவாள் என்று பார்த்தால் போகவில்லை. தேத்தண்ணித் தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். நேராகத் தொட்டிலுக்கிட்ட போனாள். இழுத்து விட்டாள். வெறுந்தொட்டில் போய் வந்தது. அக்கா மணிக்கட்டில் விரலை வைத்து, அத்தையைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள்.

அத்தையின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. ஓரகத்தி அத்தையின் முழங்காலைக் கிள்ளினாங்க.

"என்னா புள்ள அது?" என்றாங்க அத்தை.

அக்கா தொடர்ந்து எண்ணினாள்.

அப்போது தையல்காரம்மா, பாவம், நல்லது செய்யத்தான் நினைத்தாங்க, சத்தமாகச் சொன்னாங்க: "அது பாடங்க! பள்ளிக்கூடத்துப் பாடம்! வயித்துல ஒண்ணுமில்லன்னு மருத்துவச்சியே வந்து பாத்துச் சொல்லிட்டாங்க!"

அத்தை எழுந்துவிட்டாங்க.

"மருத்துவச்சி எதுக்கு வந்தா?" என்று அப்பாவைக் கேட்டாங்க. அப்பா வெற்றிலைத் தட்டை இழுத்து நேராக வைத்தார். "வெத்தலைய அப்புறமா மாத்திக்கலாம் தம்பி. நாள் நல்லாயில்ல." அத்தான் கதவடியில் நின்று அக்காவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவங்க படியேறிப் போகிற சத்தம் கேட்டது. பழம் தட்டிலேயே இருந்தது.

அம்மா அக்காவை அடிக்கவில்லை. தையல்காரம்மாவைப் பார்த்து, "எம் மக வாழ்க்கைய ஒன் வாயாலயே தச்சு மூடிட்டியே" என்றாங்க. அத்தோடு சரி. அப்பா சாயந்தரம் வரைக்கும் வெளியே இருந்துவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இனி இவள யாரு கட்டப் போறா. படிச்சாவது பொழைக்கட்டும்."

அப்படித்தான் என் அக்கா படித்தாள். படிக்க விட்டது அறிவு இருக்கிறது என்று இல்லை. கட்டிக்க ஆள் இல்லை என்று விட்டாங்க. கண்காட்சியில் அவளுடைய தாளுக்கு முன்னால் நிறையப் பேர் நின்றாங்களாம். கம்பஸ் பெரியவர் ஒருத்தர், "இதை எந்தப் பெடியன் செய்தது?" என்று கேட்டாராம். இதெல்லாம் சேர் வந்து சொன்னது. பிறகு அவள் அதே கம்பஸுக்குப் போனாள், பல வருஷம் படிப்பித்தாள், கல்யாணமும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டாள்.

தையல்காரம்மாவோடு அம்மா பேசவே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். என் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க டவுனுக்குக் கொடுத்து அனுப்பினாங்க. கல்யாணத்தன்று தையல்காரம்மா பூப்போட்ட தலையணை உறை ஒரு சோடி தைத்து எடுத்து வந்தாங்க. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாங்க, நான்தான் வாங்கினேன். பிறகு அவங்க மெஷினை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாங்க. அம்மா சாகும் வரைக்கும் அந்தப் பெயரை எடுத்தால் சோற்றைத் தள்ளிவிடுவாங்க.

இத்தனை வருஷம் நானும் அம்மா பக்கம்தான் நின்றேன். ஒரு வாய் ஒரு சம்பந்தத்தைக் கெடுத்தது, நல்லதுக்காகக் கெட்டது, அவ்வளவுதான் என்று வைத்திருந்தேன். போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போதும் அவளிடம் தியரி பிடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வருவாங்க. பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒரு வேலை செய்ய வேண்டுமாம், ஒரு பெண்பிள்ளை போனில் எதையோ ஆட விட்டு அளந்துகொண்டிருந்தாள். கணக்கை எல்லாம் ஏற்கெனவே அனுப்பிவிட்டாளாம். ஆனாலும் மறுபடி அளக்கட்டுமா என்று கேட்டாள்.

அக்கா சொன்னாள்: "வேணாம் பிள்ளை. முடிவை எழுதிக் கொடுத்த பிறகு அளக்கிறது பிரயோசனமில்லை. நான் ஒருநாளும் செய்ததில்லை."

நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்தாள். முடிஞ்சுதுடி என்றாள். அத்தை வந்தது அதற்குப் பிறகு.

அந்தப் பிள்ளை போகும் வரைக்கும் காத்திருந்தேன். என் சொந்த அக்காவிடம் கேட்பதற்கே எனக்கு வாய் வர நேரம் எடுத்தது.

"அக்கா, அத்தை வந்த அன்னிக்கி எதுக்குத் தொட்டில ஆட்டுன?"

"இவ்வளவு நாள் எடுத்திச்சா ஒனக்கு?" என்று சிரித்தாள். "அது வேற கணக்குடி. அத்தை எத்தனாவது ஆட்டத்துல எந்திரிப்பாங்கன்னு பாத்தேன்."

"எத்தனை?"

"நான் போட்டது இருபது. ஒம்போதுலயே எந்திரிச்சிட்டாங்க."

"தையல்காரம்மா பேசுனதாலதான் சீக்கிரம் எந்திரிச்சாங்க."

"ஆமா."

"அம்மா கடைசி வரைக்கும் அவங்க மூஞ்சியில முழிக்கலையே அக்கா. நீயாவது சொல்லியிருக்கலாமே."

அக்கா மேசையில் கிடந்த பென்சில்களை ஒன்றாகச் சேர்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "அவங்க பேசுவாங்கன்னு நான் கணக்குல சேக்கல்ல" என்றாள்.

சேர்க்கவில்லையா, இல்லை சேர்த்துவிட்டுத்தான் தொட்டிலை இழுத்து விட்டாளா? தையல்காரம்மாவை அன்றைக்குக் கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் சொன்னது யார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அக்காவிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினேன்.